இரண்டு சூரியன், ஒரு நிழல்

ஆறாம் மாதத்தில் மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். எழுந்து கழிப்பறைக்குப் போகலாம், உட்கார்ந்து சாப்பிடலாம், மற்றபடி படுக்கைதான். அதே வாரம் உத்தனப்பள்ளியில் என் மாமனார் டிராக்டரிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஓசூரில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். காலுக்குப் பயிற்சி கொடுக்க அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், என் கணவர் அவரை எங்கள் வாடகை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார். மாடுகளை விட்டுவிட்டு மாமியாரால் வர முடியவில்லை. சாத்தூரில் என் அம்மாவும் உடம்பு முடியாமல் இருந்தாள். காலையில் கணவர் சமைத்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனால் மாலைவரை அந்த வீட்டில் நடமாட முடியாத இரண்டு பேர்தான்.

நானும் மாமாவும் அதுவரை சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. நான் வேலைக்கென்று தெற்கிலிருந்து ஓசூருக்கு வந்தவள். காதல் கல்யாணம். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்குப் புரியும், நாக்கு வராது. ஊருக்குப் போனால், "சாப்ட்டியாம்மா?" என்பார். "சாப்பிட்டேன் மாமா" என்பேன். அதோடு அவர் வயலுக்கும் நான் அடுப்படிக்கும் போய்விடுவோம். இப்போது இரண்டு பேருக்குமே போக இடமில்லை.

படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதனால் என் கட்டிலை ஹாலுக்கு மாற்றியிருந்தோம். எதிரே திவானில் அவர். வாக்கரைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஊருக்குப் போன் போடுவார். "மோட்டர் ஓடுதா? கோஸுக்குத் தண்ணி விட்டீங்களா?" போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி போடுவார். நானும் அவருக்குக் குறைந்தவள் இல்லை. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பழைய வரைபடத்தில் துளை ஒரு அளவு, திருத்திய வரைபடத்தில் வேறு அளவு என்றால் அது என் கண்ணிலிருந்து தப்பாது. என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்னென்ன விட்டிருப்பாளோ என்று நினைத்தாலே உள்ளங்கால் அரிக்கும். புரண்டு படுக்கவும் பயம். வயிற்றுக்குள் கொஞ்ச நேரம் அசைவு இல்லையென்றால் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்துக் கிடப்பேன்.

டிவியில் அந்த விண்வெளித் தொடரை நான் தேடிப் போய்ப் போடவில்லை. தமிழில் பேசும் எதையாவது போடும்மா என்றார் மாமா. கைக்கு அகப்பட்டது அது. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகங்களில் மனிதர்கள் குடியேறி வாழும் கதை. நட்சத்திரம் என்றால் ஒன்றல்ல, இரண்டு. பெரியதாக மஞ்சள் சூரியன் ஒன்று, பக்கத்திலேயே சின்னதாக வெள்ளைச் சூரியன் ஒன்று. அதனால் அங்கே எல்லோருக்கும் இரண்டிரண்டு நிழல். முதல் நாள் அவர் பாதியில் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள், "அந்தத் தண்ணிக்காரப் பொம்பள வர்றாளே, அதப் போடும்மா" என்றார். குடியிருப்பில் வீட்டுக்கு இவ்வளவு என்று தண்ணீர் அளந்துவிடும் ஒரு பெண்மணி அவள். யார் வந்து கெஞ்சினாலும் அளவு மாறாது. அவள் ஒருவனை விரட்டியடித்தபோது மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் பகுதியின் அத்தியாயங்களெல்லாம் முடிந்து இரண்டாவது பகுதி தொடங்கியதும் எனக்கு உறுத்தியது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன்.

"மாமா, நிழல் ஒண்ணுதான் விழுது பாருங்க."

"விழட்டும். வுடும்மா."

"எப்படி விடுறது? அதே ஊரு, அதே தெரு. போன பகுதியில ரெண்டு நிழல். சின்னச் சூரியன் எங்க போச்சு?"

"மேகத்துல இருக்கும்."

"மேகமே இல்லயே."

எரிச்சலோடு போடச் சொன்னார். போட்டேன். ஆனால் அடுத்த காட்சியிலிருந்து அவரும் தரையைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்காமல் நிழலைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கதை பார்த்தோம். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு விளக்கம் தோன்றிவிட்டது. சின்னது பெரியதைச் சுற்றி வருகிறது. சில வருஷம் பகலில் தெரியும், சில வருஷம் ராத்திரிப் பக்கம் போய்விடும்.

"அப்படின்னா ராத்திரி இருட்டாவே இருக்காதே" என்றேன்.

"இருட்டா இருந்துச்சுன்னு உனக்கு யாரு சொன்னது? போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தோம். இருட்டாகத்தான் இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தட்டில் கொய்யாப்பழத்தை வைத்து அதைச் சுற்றி எலுமிச்சையை உருட்டினார். என் மாத்திரை ஒன்றுதான் கிரகம். மாத்திரையிலிருந்து பார்த்தால் எலுமிச்சை எப்போது கொய்யாவுக்குப் பின்னால் போகும் என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை. மாத்திரை உருண்டு திவானுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேராலும் குனிந்து எடுக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்த கணவர் துடைப்பத்தால் மாத்திரையைத் தள்ளி எடுத்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"உன் பொண்டாட்டிக்குச் சூரியன் கணக்கு வராது" என்றார் மாமா.

நான் பெரிய கோட்பாடே வைத்திருந்தேன். இரண்டாவது பகுதியில் காட்டுவது வேறு கிரகம். மக்களைத் தூங்க வைத்து இரவோடிரவாக இடம் மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கே தெரியாது. இணையத்தில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் குழு ஒன்று இருந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்துகொண்டு ஆட்கள் இதே சூரியனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். படித்துப் படித்து மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். பாதி விளக்கங்களை, "பைத்தியக்காரன்" என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். எனக்கு நிம்மதியில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை. ஒன்று மட்டும் நிஜம், அந்த நாட்களில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பது குறைந்திருந்தது.

அவருடைய விளக்கத்தை உடைத்ததும் அந்தத் தொடர்தான். முதன்முதலில் மனிதர்கள் கிரகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நாளை முதல் பகுதியில் காட்டியிருந்தார்கள். இரண்டு சூரியன், இரட்டை நிழல். இரண்டாவது பகுதியின் நடுவே ஒருவன் அதே நாளை நினைத்துப் பார்க்கிறான். அதே கப்பல், அதே சரிவு, ஒரே நிழல்.

"மாமா, இது அதே நாள். சுத்தி வர்ற கதையெல்லாம் இனிச் செல்லாது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்லேர்ந்து மொதல்ல எறங்குனது யாரு?" என்று கேட்டார்.

தண்ணீர்க்காரிதான். முதல் பகுதியில் கையில் குடுவையோடு அவள்தான் முதலில் இறங்குவாள். இப்போது இறங்கியது வேறு யாரோ. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இரண்டாவது பகுதி முழுக்க அவளைக் காணோம். அவள் வீட்டுப் பச்சைக் கதவைத் திறந்து இன்னொருத்தி வெளியே வருகிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான் மொதல்லயே பார்த்தேன்" என்றார் மாமா. "வருவா வருவான்னு இருந்தேன். சூரியன் போனா போவுது, அது மேல இருக்கிறது. ஒரு மனுஷி இல்லாமப் போயிட்டா, ஊர்ல ஒருத்தராச்சும் கேக்க மாட்டாங்களா? செத்தாளா, எங்கயாச்சும் போனாளான்னு?"

படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பொத்தானைத் தேடி, தானே நிறுத்தினார். கொஞ்ச நேரம் வாக்கரின் ரப்பர் பிடியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அது பொம்பளப் புள்ளயா?"

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் எனக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. கணவரும் அவருடைய சினேகிதரும் எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சை இரண்டு குடும்பத்திலும் யாரும் எடுக்கவில்லை. என் மனசு நோகும் என்றுதான் எடுக்கவில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் பேச்சை எடுக்காமல் விட்டதில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டிருந்தது.

"ஆமா மாமா. பொண்ணு."

"முடி இருந்துச்சா?"

"நெறய. சுருட்டை."

"அப்ப எங்கம்மாவாட்டம்" என்றார். "அவங்களுக்குத்தான் சுருட்டை."

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து நிற்க முயன்றார். வாக்கரை ஊன்றி, காலை இழுத்து இழுத்துச் சமையலறை வரை போய் ஒரு சொம்பில் தண்ணீரை நிரப்பிவிட்டார். திரும்பும்போதுதான் இரண்டு கையும் வாக்கருக்கு வேண்டும் என்பது தெரிந்தது. சொம்பை மேடையிலேயே வைத்துவிட்டு அங்கே நின்றுகொண்டு, "தண்ணி எப்படிக் கொண்டாறது இப்ப?" என்று கேட்டார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

பிறகு நிறையப் பேசினோம். அவர் கேட்டார், நான் சொன்னேன். அடக்கம் செய்த இடம் எது என்று கேட்டார். எனக்கே தெரியாது. அன்று மாலை கணவர் வந்ததும் அவரை நிற்க வைத்துத் தெலுங்கில் கேட்டார். கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் ராயக்கோட்டை ரோட்டில் எந்த இடம் என்று மெதுவாகச் சொன்னார். நானும் அப்போதுதான் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தக் குழுவில் பதில் கிடைத்தது. தொடரை எடுத்தவர்களில் ஒருவர் ஏதோ பேட்டியில் சொன்னதை யாரோ போட்டிருந்தார்கள். படப்பிடிப்பை வேறு நாட்டுக்கு மாற்றினார்களாம். ஒவ்வொரு காட்சியிலும் இரண்டாவது சூரியனையும் இரண்டாவது நிழலையும் வரைந்து சேர்ப்பது கட்டுப்படியாகவில்லையாம். தண்ணீர்க்காரியாக நடித்தவர் வேறு நாடகத்தில் நடிக்கப் போய்விட்டாராம். யாரும் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம் என்று சிரித்தாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா? மாமாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"அப்ப அவ சாவல" என்றார்.

"கதையில என்ன ஆனான்னு யாரும் யோசிக்கலையாம் மாமா."

"அத வுடு. அவ நல்லாத்தான இருக்கிறா? வேற வேல கெடச்சுப் போயிருக்கிறா. போவட்டும்." அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் ஒரு பகலில் ரத்தம் பட்டது. கணவர் ஷிப்டில் இருந்தார். உள்ளே போனால் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் கூப்பிட்ட குரலைக் கேட்டதும் மாமா வாக்கரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டு படி இறங்க அவருக்குப் பயிற்சியில் இன்னும் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கித் தெருவில் நின்று கத்தினார். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில், கடைசியில் கன்னடத்தில். கன்னடத்துக்குத்தான் ஒரு ஆட்டோ நின்றது. நீங்க வேண்டாம் மாமா என்று சொல்லியும் கேட்காமல், முன்னால் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, மடக்க முடியாத காலை வெளியே நீட்டியபடி வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டினார்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ், "முதல் பிரசவமா?" என்று கேட்டாள். எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வழியை மறித்தாற்போல் நின்றிருந்த மாமாதான் சொன்னார்.

"இல்லம்மா. ரெண்டாவது."

பையன் பிறந்தான். கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து கொடுத்தார்கள். கால் சரியானதும் மாமா உத்தனப்பள்ளிக்குப் போய்விட்டார். ஒரு கைத்தடி மட்டும் மிச்சம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறார். தொடரின் கடைசிப் பகுதி வெளிவந்தபோது, "நான் வர்ற வரைக்கும் பார்க்காதே" என்று போனில் மிரட்டிவைத்திருந்தார். பொறுக்க முடியாமல் தவித்துத்தான் போனேன்.

போன ஞாயிறு உட்கார்ந்தோம். ஒரு குடியிருப்பிலிருந்து சுரங்கக் கிரகத்துக்குப் போய்ச் சேர முன்பெல்லாம் பல மாதம் ஆகும். இப்போது ஒருவன் சமைத்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, அது கெடுவதற்குள் போய் இறங்கிவிட்டான். நான் ரிமோட்டை எடுத்தேன்.

"புது இன்ஜின் போட்டிருப்பான்" என்றார்.

"பழைய கப்பல் மாமா. பக்கவாட்டில நசுங்கினதுகூட அப்படியே இருக்கு."

"கிரகம் கிட்ட வந்திருக்கும். நீதான் எல்லாம் சுத்துதுன்னு ஒத்துக்க மாட்டியே."

பையன் சிணுங்கினான். அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, தடியை மறந்துவிட்டு, ஹாலுக்குள் நொண்டி நொண்டி நடந்தபடி பேசினார். நான் கொய்யாப்பழத்தைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். கொய்யா இல்லை, தக்காளிதான் இருந்தது. உத்தனப்பள்ளிக்குப் போகும் சாயங்கால பஸ் போயிருக்கும் என்று கணவர் உள்ளே வந்து சொன்னபோது நாங்கள் இன்னும் இரண்டாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை.