அவள் கை வைத்த நட்டு

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து வைத்து, மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். மனைவிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டேன். ஆறரைக்குக் காபி, ஏழரைக்கு இட்லி. முதுகெலும்பில் வட்டு விலகி அவள் படுத்த நாளிலிருந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் காலைகள் இந்த வரிசையில்தான் நடந்துவந்தன. அதற்குப் பிறகு செய்ததுதான் வழக்கமில்லாதது. பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு காரைப் பிரிக்கப் போனேன்.

மறுநாள் உப்பிலியபுரத்தில் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பெண் திருச்சியில் கல்லூரி படித்த காலம் முழுக்க எங்களோடுதான் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நிச்சயப் புடவையைப் பெரியம்மா கையால்தான் வாங்குவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். தில்லை நகர் டாக்டரிடம் கேட்டோம்.

“போயிட்டு வாங்கம்மா. ஆனா குலுங்கக் கூடாது. பள்ளத்துல ஒரு தடவை தூக்கிப் போட்டா மறுபடியும் படுக்கைதான்” என்றார்.

எங்கள் காரோ சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலே முன்பக்கம் இடதில் தடாலென்று அடிக்கும். அந்த ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள்; புதன்கிழமைக்கு முன்னால் இடமில்லை என்றும் சொன்னார்கள். உதிரிபாகக் கடையில் புதிய ஷாக்கும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் இரட்டைக் கொக்கி ஒன்றை வாடகைக்கும் வாங்கிவந்தேன். ஒரு வாரமாக வீடியோக்களைப் பார்த்ததில், எந்த போல்ட்டுக்குப் பின் எந்த போல்ட் என்பது மனப்பாடமாகியிருந்தது.

“ஒன்பதரைக்கு ஆரம்பிக்கறேன்” என்றேன்.

“இன்னைக்கு சனிக்கிழமைங்க. ஒன்பதுல இருந்து பத்தரை ராகு காலம். அதுக்கு முன்னாடியே சும்மா தொட்டு வெச்சுடலாம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

எங்கள் வீட்டில் எதையும் தொட்டு வைப்பது அவள்தான். போர்வெல் போட்டபோது முதல் கடப்பாரை அவள் கையால்தான் விழுந்தது. தண்ணீரும் நன்றாக வந்தது. அவள் கைராசியில் இரண்டு குடும்பத்துக்கும் நம்பிக்கை உண்டு. நானும் விலக்கில்லை. ஆனால் அவளால் குனிய முடியாது. சக்கரத்தின் நட்டுகள் எல்லாம் கீழே இருந்தன. அவள் நின்றபடி எட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பானெட்டைத் திறந்தால் மேலேயே தெரியும், ஷாக்கின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டு. அதில் ஸ்பானரைப் பொருத்தி, ஷாக்கின் நடுத்தண்டும் கூடவே சுற்றாதபடி நான் ஓர் ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டேன்.

“லேசா ஒரு திருப்பு போதும்.”

அவள் திருப்பினாள். வண்டி நான்கு சக்கரத்தில் நின்றதால், அதன் எடையே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருந்தது. நட்டு வெண்ணெய் மாதிரி சுழன்றது.

“இவ்வளவு சுலபமா இருக்கு, இதுக்கா ஒர்க்‌ஷாப்புல அத்தனை காசு கேக்கறான்?”

இன்னொரு திருப்பு. இன்னொன்று. பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாசல் வெளிச்சத்தில் நின்று சிரித்தாள். நெற்றியில் வியர்வை கூட இருந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை. அவளாகவே நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, “ஆச்சு, இனிமே உங்க பாடு” என்று உள்ளே போனாள்.

பத்தரைக்கு மேல் ஒழுங்காகவே வேலை செய்தேன். ஜாக்கி, தாங்கி, சக்கரம், கீழ் போல்ட்டுகள், மேலே ஓரத்திலிருந்த சின்ன நட்டுகள். ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே துண்டாகக் கையோடு வந்தன. அதைத் தரையில் கிடத்தியபோது க்ரிச் என்று ஒரு சத்தம் கேட்டது.

அப்போதுதான் உச்சியைப் பார்த்தேன். நடு நட்டு மரையின் நுனியில் நின்றது. இதுவரை வண்டியின் எடை தாங்கிய ஸ்பிரிங் இப்போது தன் முழு பலத்தோடு அந்த நட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அது விடுபட்டால் மேல்தட்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங்கை அமுக்கும் முன் நடு நட்டைத் தொடவே கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாதது இல்லை. தொட்டு வைப்பதை நான் வேலையோடு சேர்த்து எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நட்டை இறுக்கப் பார்த்தேன். மரை தேய்ந்து, பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. கொக்கியை மாட்டலாம் என்று மண்டி போட்டேன். ஒரு பக்கம் மாட்டியதும் மறுபடி க்ரிச். கையை எடுத்துவிட்டேன்.

உதிரிபாகக் கடைக்காரருக்கு போன் செய்தேன்.

“சார், நான் விக்கறவன், மாட்டறவன் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கிட்டப் போகாதீங்க.”

“கழட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“நம்ம ஃபிட்டர் மணப்பாறைக்குப் போயிருக்காரு, காதுகுத்து. நாளைக்கு மத்தியானம் அனுப்பறேன். அதுவரைக்கும் சாக்கு போட்டு மூடி, சங்கிலியால கட்டி வைங்க. சின்னப் பசங்க இருக்காங்களா?”

மாடியில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு பேர் உண்டு. இருவரும் இந்த வழியாகத்தான் ஓடுவார்கள். நீளமான கொம்பால் சாக்கைத் தள்ளி மூடினேன். சங்கிலி கட்டக் கிட்டப் போகத் துணிவு வரவில்லை. மாவு டின், பழைய கிரைண்டர், இரண்டு சிமென்ட் தொட்டிகளைத் தள்ளிவந்து சுற்றிலும் அரண் வைத்தேன். ஒரு நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. கார் ஒரு காலைத் தூக்கிய மாடு போல நின்றது.

ராகு காலம் பார்த்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மூன்று மணிக்குச் சொன்னேன். அவள் ஜன்னலோரமாக வந்து சாக்கைப் பார்த்தாள்.

“நான்தான் ரொம்பத் திருப்பிட்டேனா?”

“நான் போதும்னு சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பேனா?” ஜன்னலை விட்டு நகர்ந்து, “டாக்சி சொல்லுங்க” என்றாள்.

“தெரியாத வண்டி. எப்படி ஓட்டுவானோ. போக வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லிடலாம்.”

“நீங்க சொல்லுவீங்களா அந்தப் பொண்ணுகிட்ட?”

என்னால் முடியாது. போனை எடுத்து டாக்சிக்குச் சொன்னேன்.

“சரி, நானும் வரேன்.”

“நீங்க வந்துட்டா இதை யார் பாத்துக்கறது? மாடிப் பசங்க மேல ஏதாவது பட்டா? நீங்க உங்க குண்டுக்குக் காவல் இருங்க. நான் போயிட்டு வரேன்.”

மாலையில் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. “ஏன் அத்தான் வரலையாம்? கோவமா?”

“கோவமெல்லாம் இல்லடி. வாசல்ல ஒரு விருந்தாளி. எழுந்து போக மாட்டேங்குது, இவரும் விட்டுட்டு வர மாட்டேங்கறார்.”

இருவரும் சிரித்தார்கள். நான் நிச்சயப் புடவையைப் பையில் வைத்து, மேலே வலி மாத்திரைகளையும், எதை எப்போது போடுவது என்ற சீட்டையும் வைத்தேன். துறையூர் சாலையில் எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முசிறி வழியாகச் சுற்றிப் போகலாமா என்றும் யோசித்தேன். தூரம் அதிகம். எந்த வழியில் போனாலும் ஸ்டியரிங் என் கையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே டாக்சி வந்துவிட்டது. ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர். முதல் வேலையாக, மனைவியைக் கூப்பிடும் முன், அவள் உட்காரப் போகும் பின்சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன். அடையவளஞ்சான் வீதி முனையில் இருக்கும் வேகத்தடைக்கு ஓட்டச் சொன்னேன்.

ஏறி இறங்கியது. இடுப்பில் தெரிந்தது.

“இன்னும் மெதுவாங்க.”

திரும்பி வந்து மறுபடி ஏற்றினார். “இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

“சார், இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்.”

“நின்னா நிக்கட்டும். நின்னு, அப்புறம் ஏத்துங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நின்றது, ஊர்ந்தது, ஏறி இறங்கியது. “இப்படியே, உப்பிலியபுரம் வரைக்கும்” என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இறங்கி, உள்ளே போய் அவளைக் கூப்பிட்டேன்.