மைனர் என்றால் கார்டியன் வேண்டும்

எங்கள் சித்தப்பா சிவாஜிநகர் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் அட்டெண்டராக இருந்தார். ஃபைல் தூக்குவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை. ஆனால் தங்கவயலிலிருந்து பொம்மசந்திராவுக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்தில், இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் அவர் படித்துச் சொல்வதுதான் தீர்ப்பு. படிப்பதற்கு முன்னால் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான், நான்காவது மாதம். சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கியும் அம்மாவுக்கு ரத்தம் ஏறவில்லை என்று அரசு ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று நர்ஸ் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். என்ன போட்டிருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, “மைனர் அஷ்டே, ஏனூ இல்லா”, மைனர்தான், ஒன்றுமில்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பின்னால் பெரிய வரிசை நின்றது, அவர் ஒருவர்தான் இருந்தார் என்று அவருக்காக வக்காலத்து வாங்க என்னால் முடியும். வாங்க மாட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். பட்டனைப் போட்டார். ‘தலசீமியா’ என்ற முதல் வார்த்தை வாயில் நுழையாததால் அதை அப்படியே விட்டுவிட்டார். இரண்டாவது வார்த்தை கோர்ட்டில் தினமும் கேட்பது.

“மைனர்னு போட்டுக்கிறான் அண்ணி. பதினெட்டு வயசு ஆவாதவங்கன்னு அர்த்தம். வயசத் தப்பா எழுதிட்டான்.”

கணவனையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வரவும் என்று கீழே ஒரு வரி இருந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் தயாராக இருந்தது. “மைனர்னா கார்டியன் வேணும்ல? அதான் அண்ணனக் கூட்டினு வரச் சொல்றான். உங்களுக்குத்தான் இருபத்தெட்டு ஆவுதே. அண்ணன் எதுக்கு?”

அப்பாவுக்கு நிம்மதி. ஃபேக்டரியில் அவர் காண்டிராக்ட் ஆள். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அம்மாவை ஒரு வாரம் ‘மைனர் பொண்ணு’ என்று கேலி செய்தோம். அதிகமாகக் கத்தியவள் நான்தான்.

தம்பி பிறந்தான். ஆறு மாதத்தில் வெளிறத் தொடங்கினான். போன கிளினிக்கில் எல்லாம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் எழுதித் தந்தார்கள். ஒன்றரை வயதில் வயிறு வீங்கி, தூக்கினால் தலை சாய்ந்துபோன நிலையில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அப்பாவின் ரத்தத்திலும் அம்மாவின் ரத்தத்திலும் பரம்பரையாக ஒரே குறை இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் மைனர், உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் மேஜர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வேறு யாராவது ரத்தம் கொடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும்.

“சொந்தத்துல கட்டினீங்களா?” என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார், டாக்டர் கேட்டார், வார்டு பெருக்குகிற அம்மாள்கூடக் கேட்டார். அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். அப்பா ஒவ்வொரு தடவையும் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையாட்டினார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை அக்கறையாகக் கேட்கிற வாய்களில் ஒன்று, அம்மா நான்கு மாத வயிற்றோடு வரிசையில் நின்ற அன்று கேட்டிருக்கக் கூடாதா? தமிழிலோ கன்னடத்திலோ நாலு வார்த்தை. அதைச் சொல்ல ஆளில்லாமல், வாழ்வா சாவா என்கிற விஷயத்தை ஃபைல் தூக்குகிற மனிதர் தலையில் கட்டிவிட்டார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு யாருக்கும் காகிதம் படித்துச் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார், மற்ற முறைக்குக் கோர்ட்டிலிருந்து ஆள் பிடித்து வந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

முதல் முறை தம்பிக்கு ரத்தம் ஏற்றி முடிந்ததும் கவுன்சலர் அம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷிதான், தமிழிலேயே பேசினார். தாயி கார்டைப் புரட்டி அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அப்பவே உங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ணியிருக்கணும்மா. அப்புறம் வயித்துல இருக்கற குழந்தைக்கும் பாத்திருப்பாங்க. நீங்களும் ஒரு முடிவு எடுத்திருக்கலாம்.”

தம்பி அம்மா மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் உதட்டில் சிவப்பு தெரிந்தது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “எடுத்திருக்கலாம்னா? என்னத்த எடுத்திருக்கலாம்?” என்று அந்த அறையே அதிரக் கத்தினாள். பதில் வருமுன் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். காலையிலிருந்து காக்கவைத்த கோபம் என்று நினைத்தேன். கார்டைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஓசூர் ரோடு முழுக்க பஸ்ஸில் அம்மா அவனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் விழித்து அழுதான்.

“விடும்மா, அவனுக்கு வலிக்குது” என்றேன்.

அவள் விடவில்லை. கவுன்சலர் அம்மா சொன்ன முடிவு எதுவென்று பத்து வயதில் எனக்குத் தெரியாது.