வைரக்கல்லுக்கு விழுந்த அறை

என் முன்பற்கள் இரண்டும் உதட்டுக்குள் அடங்கி இருக்கமாட்டா. அதனால் தெருவில் எனக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பெயர். அழுதுகொண்டு போன என்னிடம் அம்மா ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்தாள்: "திட்டத் திட்டத் திண்டுக்கல்லு, வைய வைய வைரக்கல்லு." அதற்குப் பிறகு யார் வைதாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாடுவேன். வைதவர்களுக்குத்தான் அழுகை வரும்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை மகளோடு பாண்டி ஆடினேன். கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவே இல்லை என்று சாதித்தாள். சண்டை முற்றியது. துருவி என்றாள், சட்டித்தலை என்றாள். நான் பாடிக்கொண்டே இருந்தேன். கையிருப்பு வசவெல்லாம் தீர்ந்த ஆத்திரத்தில் கத்தினாள்:

"ஒங்கம்மா மருந்து ரூம்லயே வெந்து சாவா!"

வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்து வேலைக்குப் போகும் ஊர் எங்களுடையது. பேதியில் போக என்பார்கள், நாசமாய்ப் போக என்பார்கள். தீயைச் சொல்லி மட்டும் யாரும் யாரையும் வையமாட்டார்கள். எனக்கோ அதுவும் இன்னொரு வசவுதான். கை தட்டி, முன்னைவிடச் சத்தமாகப் பாடினேன்.

கம்பெனி வேன் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அம்மாவும் அத்தையும் பின்னால் நின்றார்கள். அத்தை தன் மகளை ஓங்கி அறைந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த அறை எனக்கு விழுந்தது. அதுவரை என்னை ஒரு தட்டுக்கூடத் தட்டியறியாத அம்மா! வலியைவிட, அடித்தது அவள்தானா என்ற அதிர்ச்சியில் அழக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"எதுக்குத்தான் பாடுறதுன்னு இல்லையாடி?" என்றாள் அம்மா.

அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவரையும் வாய் கொப்புளிக்க வைத்தாள். "துப்புங்க. இன்னொருக்கா நல்லா துப்புங்க." பிறகு அம்மாவும் அத்தையும் இருக்கன்குடி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் சண்டையில் மாரியம்மனுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை வேன் வந்ததும் அத்தை மகள் ஓடிப்போய்த் தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போகாதம்மா, போகாத!"

டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தை அவள் விரல்களைப் பிரித்துவிட்டு ஏறினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வைதது என் அம்மாவை, அழுவது இவளா?

அம்மாவும் அத்தையும் ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்துதான் வெடிக்கு மருந்து அடைத்தார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான். அப்படியென்றால் என்ன என்பது ஒரே இரவில் அத்தை மகளுக்குப் புரிந்துவிட்டது. நான் வேனுக்குக் கையசைத்துவிட்டு, பசிக்கிறதென்று வீட்டுக்குள் ஓடினேன்.