விருமாண்டியின் நம்பர்

1979-இல் அவனியாபுரத்தில் ஆணி, கீல், பெயிண்ட் விற்கும் கடை போட்டான் விருமாண்டி. காண்ட்ராக்டர்கள் வரி நம்பர் போட்ட பில் கேட்டார்கள். விற்பனை வரிப் பதிவுக்கான விண்ணப்பத்தை என் டைப்ரைட்டிங் கடையில் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

"இந்த நம்பர் கடைக்கு இல்லடா, உனக்கு. நாளைக்கு வேற ஆளு கடையை நடத்துனா, அவன் புதுசா வாங்கணும்" என்றேன். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான். பெண்டாட்டியிடம் சொல்லியிருக்க மாட்டான். நானாவது சொன்னேனா? அதுவும் இல்லை.

மூன்றாம் வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாளே அவன் மனைவி அன்னக்கொடி கடையைத் திறந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசினார்கள். இரண்டு பெண்பிள்ளைகளின் சோறு அந்தக் கடையில்தான் இருந்தது.

1984-இல் ஒரு நோட்டீஸோடு என்னிடம் வந்தாள். விருமாண்டி கணக்குகளுடன் நேரில் ஆஜராக வேண்டுமாம்.

"இன்னும் அவன் பேர்லயா வரி கட்டுற?"

"மாசந் தவறாமக் கட்டுறேண்ணே. கரண்டு இன்னும் மாமனார் பேர்லதான ஓடுது? வீட்டுப் பட்டா அவுக தாத்தா பேர்ல. இந்த நம்பருக்கு மட்டும் என்னவாம்?"

எங்கள் பக்கத்தில் பாதி ஊர் செத்தவர்கள் பெயரில்தான் நடக்கிறது. அவளை எப்படிக் குற்றம் சொல்ல?

வரி ஆபீசுக்கு நானும் கூடப் போய், விருமாண்டி செத்துப்போனதைச் சொன்னேன். அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"வரி சரியா வந்திருக்கும்மா. கையெழுத்து யாரு போட்டது?"

"நாந்தான்யா. அவுக போடுற மாதிரியே போட்டுப் பழகிக்கிட்டேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். இதை எழுதினால் ஜெயில் என்றார். எழுதவில்லை, மனுஷன். ஆனால் அபராதம் போட்டார், பழைய நம்பரை ரத்து செய்தார். அவள் பெயரில் புதுப் பதிவு வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்றார்.

அன்று மாலையே விண்ணப்பம் அடித்தேன். கணவர் பெயர் என்ற இடத்தில் 'காலஞ்சென்ற விருமாண்டி' என்று அடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினேன். சரசரவென்று போட்டுவிட்டாள். பார்த்தால், விருமாண்டி.

அவளும் பார்த்தாள். அழுதாள், சாவு வீட்டில் அழுவதுபோல. அந்தத் தாளைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அவளேதான் கிழித்தாள்.