பியானோ வாசித்தவர் பெயர் தெரியவில்லை

செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் கனகமணியிடம் வம்பு கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். விஷயம் இல்லாமலா? முப்பத்தாறு வருஷம் செகந்திராபாத் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் காலத்தில் ஊரில் பாதிப் பேரின் அந்தரங்கம் அந்த அம்மாளின் காது வழியாகத்தான் போய் வந்திருக்கிறது. ஆனால் காதில் விழுந்தது வாய்க்கு வரக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பெயர் சொல்லவும் கூடாது. லைனில் இருப்பவர் கோபத்தில் "யாரம்மா நீ?" என்று கேட்டால் "நாற்பத்திரண்டு" என்று தன் நம்பரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

குரலை வைத்து ஆளைச் சொல்வதில் கனகமணி கெட்டிக்காரி. எண்பதுகளில் ஒரு கனவான் விஜயவாடாவுக்கு ஒரு பெயரிலும் நாக்பூருக்கு வேறொரு பெயரிலும் கால் புக் பண்ணிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே தொண்டை என்று இரண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஆள் கண்டோன்மென்டில் பெரிய புள்ளி. இந்த அளவுக்குத்தான் கணவர் ஜேசுராஜுக்குத் தெரியும். யார் என்று கேட்டுக் கேட்டு அவர் தலைமுடி நரைத்துப்போய், பிறகு கொட்டியும் போய்விட்டது. கனகமணி வாயே திறக்கவில்லை.

ரிட்டயர் ஆனபின் அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மகள் ஸ்டெஃபி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், பிரசங்கம் கேட்கட்டும் என்று அம்மாவின் போனில் உலக ரேடியோக்கள் எல்லாம் வரும்படி ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். விரல் தவறி எங்கோ பட்டு, பிரசங்கம் வர வேண்டிய இடத்தில் ஓர் ஆணின் குரல் வந்தது. நின்றுகொண்டு பேசுகிறார், அறுபதைத் தாண்டியவர், பக்கத்தில் யாரும் இல்லை என்று கனகமணி எடை போட்டாள். பேச்சு முடிந்து பாட்டு வந்ததும் மாற்றியிருப்பாள். பாட்டு முடிந்தபின் அவர் சொன்னதுதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது.

வாசித்த அத்தனை பேரையும் அவர் பெயர் சொல்லிச் சொன்னார். டிரம்பெட் ஊதியவர், டிரம்ஸ் அடித்தவர், பின்னால் நின்றுகொண்டு ஆளுயர பாஸ் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர் வரை ஒருவரையும் விடவில்லை. டிரம்ஸ்காரருக்கு அன்றைக்குப் பல்வலி என்றார். டிரம்பெட்காரர் கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தவராம். அடக் கடவுளே, பின்பாட்டு ஆட்களுக்கெல்லாம் இவ்வளவு மரியாதையா என்று கனகமணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் மற்றவர்கள் பேச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அவர் பெயர் வெண்டல். அமெரிக்காவில் ஏதோ ஆற்றங்கரை ஊரில், கல்லூரி ஒன்று நடத்தும் சின்ன ஸ்டேஷன். அங்கே இரவு எட்டு மணி நிகழ்ச்சி, இங்கே காலை ஏழரைக்கு வரும். மார்ச் மாதம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆறரைக்கே தொடங்கி முடிந்துபோயிருந்தது. அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்களாம். இவர்கள் யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று கனகமணி சிடுசிடுத்தாள். மறுநாள் முதல் ஐந்தரைக்கே எழுந்து கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜேசுராஜுக்கு அந்தச் சங்கீதம் ஒரு மண்ணும் புரியவில்லை. அரை மணியாகச் சுதிதான் சேர்க்கிறார்கள், எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேலி பண்ணுவார். அவளுக்கும் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் யார் எதை வாசிக்கிறார், யார் யாருக்கு வழி விடுகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

ஜூலையில் ஒரு நாள் வெண்டல் பழைய ரிக்கார்டு ஒன்றைப் போட்டார். டிரம்பெட், பாஸ், டிரம்ஸ் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "பியானோ வாசித்தவர் பெயர் தெரியவில்லை" என்றார். உறையில் அச்சடிக்காமல் விட்டுவிட்டார்களாம். இருபத்தைந்து வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி வெட்கமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஸ்டுடியோ நம்பரைக் கொடுத்தார். கனகமணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பியானோ சத்தத்துக்கு அடியில் வாசித்தவரின் முனகல் ஒன்று கேட்டிருந்தது. கை மேலே ஏறும் முன் 'ஊஹூம்' என்று மறுப்பதுபோல ஒரு சின்ன மூச்சு. வெண்டல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று வாரம் கழித்து எடித் கால்ஹூன் என்ற பெண்ணின் ரிக்கார்டு வந்தது. வயதான காலத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தது. இரண்டாவது நிமிஷத்தில் அதே முனகல், அதே 'ஊஹூம்'. கனகமணி கையிலிருந்த கீரைத்தண்டை அப்படியே வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க வீட்டில் அவள் நடந்த நடை இருக்கிறதே! காதில் விழுந்ததை வெளியே சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. சொல்லாவிட்டாலோ அந்தப் பொம்பளை என்றைக்கும் 'தெரியவில்லை'தான். தப்பாகச் சொல்லிவிட்டால் யாரோ ஒருத்தியின் உழைப்பைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்த பாவம் வேறு. ராத்திரி ஜெபத்தில்கூட மனம் நிற்கவில்லை. காலையில் விஷயத்தைக் கேட்ட ஸ்டெஃபி சிரித்தாள்.

"கைக்கு மம்மி, போன் எதுக்கு? மெயில் பண்ணிடு, சிம்பிள்."

"போடி. ஒருத்தி தொண்டையைப் பத்தி எழுத்துல எப்படிச் சொல்ல?"

மறுநாள் காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அவளாகவே நம்பரைப் போட்டாள். எதிரே ரிக்கார்டு ஓடும் சத்தம், அதற்கு மேல் வெண்டலின் குரல், யார் பேசுகிறீர்கள் என்று. கனகமணி நிமிர்ந்து உட்கார்ந்து, எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷில் கணீரென்று சொன்னாள்:

"நாற்பத்திரண்டு."

எந்த நாற்பத்திரண்டு என்று அந்தப் பக்கம் வெண்டல் கேட்டார். ஜேசுராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கனகமணிக்கு வேர்த்துவிட்டது. அந்த நம்பரை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் நாக்கு விடவில்லை.

"கனகமணி," என்றாள் பிறகு. "செகந்திராபாத், இந்தியா."

அப்புறம் தடுமாற்றமே இல்லை. எந்த ரிக்கார்டு, எத்தனையாவது நிமிஷம், எந்த மூச்சு என்று வரிசையாகச் சொன்னாள். வெண்டல் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். தனக்கு இத்தனை நாளும் பியானோ மட்டும்தான் கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த நாள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, கேட்பவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். ஒன்றுதான் என்றார்கள் சிலர். பியானோக்காரர்கள் முனகுவது சகஜம் என்றார்கள் சிலர். வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாமோ என்று கனகமணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை வெண்டல் வழக்கத்தைவிட மெதுவாகப் பேச ஆரம்பித்தார். எடித் கால்ஹூனின் மகன், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருந்தாராம். தனக்கு வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் அந்த ரிக்கார்டில் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். வயசான காலத்துக் கற்பனை என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். ஸ்டெஃபி அவருடைய வார்த்தைகளை அப்பாவுக்குத் தமிழில் அப்படியே சொன்னாள்: "அம்மா பொய் சொல்லலைன்னு இப்பத்தான் தெரியுது. அதை அம்மாகிட்டச் சொல்லலாம்னா இப்ப அம்மா இல்ல."

ரிக்கார்டு ஓடியது. முடிந்ததும் வெண்டல் டிரம்பெட்காரர் பெயரைச் சொன்னார், பாஸ்காரர், டிரம்ஸ்காரர் பெயர்களைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார்.

"பியானோ, எடித் கால்ஹூன். அதைக் கேட்டுச் சொன்னவர், கானகாமானி, செகந்திராபாத், இந்தியா."

உச்சரிப்பு படுமோசம். கனகமணி அழுதாள். வாழ்நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவள், அதன் வழியாகத் தன் பெயர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மகனையும் நினைத்துக்கொண்டாள், இன்னும் அழுகை வந்தது.

ஜேசுராஜ் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார். மனுஷனுக்கு நல்ல சமயம் பார்க்கத் தெரியும்.

"இதைத்தான் சொல்லிட்டியே கனகு, அந்த விஜயவாடா ஆளு யாருன்னும் சொல்லிரு."

கனகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியை எடுத்தாள்.

"அவருக்குத்தான் ரெண்டு பேரு இருக்குல்லா. நான் வேற சொல்லணுமாக்கும்."