தீமிதிக்கு விளக்கெரிக்கும் எஞ்சின்

என் வீட்டுக்காரர் விநாயகமூர்த்திக்குக் கார் தரகுத் தொழில். மற்ற தரகர்கள் ரங்கூன் பபேடான் பேட்டை டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஒரு நாளில் மூன்று வண்டிகளைக் கைமாற்றிவிடுவார்கள். இவருக்கு ஒரு வண்டிக்கு ஒரு மாதம் வேண்டும். பானெட்டில் கையை வைத்துக் கண்ணை மூடி நின்றாரென்றால், தூங்குகிறாரோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

"எது கூடப் பிறந்தது, எது வந்து ஒட்டுனதுன்னு கேட்டுக்கிட்டிருக்கேன், நீலா" என்பார்.

"கேளுங்க, நல்லாக் கேளுங்க. நம்ம கூரை ஒழுகுற சத்தம் மட்டும் உங்க காதுல விழாது" என்பேன் நான்.

தொண்ணூற்றாறில் தங்கவேலு வந்தான். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிற பிள்ளை. அவன் அப்பா சின்னத்தம்பி விட்டுப்போன ஒரே சொத்து, அறுபத்தெட்டாம் வருஷத்து மஸ்டாங் என்ற அமெரிக்கக் கார். தூதரகத்து வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றது. இளவட்டத்தில் இவர் அந்த வண்டியின் உறுமலைக் கேட்கவே தெருவுக்கு ஓடுவாராம். இப்போது பாங்காக்கிலிருந்து ஒருவர் அதைக் கேட்டிருந்தார். முழுக்க அசல் என்றால் தங்கவேலு சொந்தக் கடையே வாங்கிவிடலாம். இல்லையென்றால் பழைய இரும்பு விலைதான்.

கதவு அசல், கண்ணாடி அசல், மங்கிப்போன நீலச் சாயம்கூட அசல். பானெட்டைத் திறந்ததும் இவர் முகம் செத்துவிட்டது. உள்ளே கிடந்தது ஏதோ வேனின் டீசல் எஞ்சின்.

"எங்கப்பன் அசலை வித்துச் சீட்டாடித் தொலைச்சிருப்பான், அண்ணே" என்றான் தங்கவேலு. "எத்தனை தடவை கேட்டும் வாயே திறக்கல. அந்தக் கோவத்துல, அவன் சாகுற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல."

சோற்றைப் பிசைந்தபடியே இவர் அன்றைக்குச் சொன்னார்: "மாவ்பி கோவில்ல கேட்டேனே, அந்தச் சத்தம். அது சின்னத்தம்பி வண்டியோட உறுமலேதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தீமிதிக்கு ஊரே அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்க, கோவிலுக்குப் பின்னால் போய், கரண்ட் இல்லாத ஊருக்கு விளக்கெரிக்கிற எஞ்சின் முன்னால் சொக்கி நின்ற மனிதர் இவர். சாமி குற்றம் வந்துவிடப்போகிறது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

மூவரும் ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற மாவ்பிக்குப் பஸ் ஏறினோம். வயல்களின்மேல் மத்தியான வெயில் பாலாடையாகப் படிந்திருந்தது. கொட்டகைக்குள் அது, மஞ்சளும் குங்குமமும் அப்பி, காய்ந்த மாலையோடு, எஞ்சினா சாமியா என்று தெரியாத கோலத்தில் இருந்தது. பூசாரி கருப்பையாவிடம் உத்தரவு வாங்கி, இவர் ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தார். மஞ்சள் கரையக் கரைய எண்கள் மெல்ல மேலே வந்தன. வண்டியில் அடித்திருந்த அதே எண்கள்.

"கூடப் பிறந்ததுதான்" என்றார். தங்கவேலு துள்ளிக் குதித்தான். பொய் சொல்வானேன், புதுத் தகரக்கூரை என் கண்ணிலும் மின்னிற்று.

"புது ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கி வச்சுட்டுத் தாராளமா எடுத்துக்குங்க" என்றார் கருப்பையா. "ஆனா இது வந்த கதையைக் கேட்டுட்டுப் போங்க. ஒரு ரங்கூன்காரரோட ஒரே பிள்ளை. நாலு வயசு. அம்மை போட்டுக் கண்ணு சொருகிடுச்சு. 'என் வண்டியோட உயிரை எடுத்துக்க தாயே, பிள்ளையை விட்டுரு'ன்னு இங்கே விழுந்து கிடந்தாரு. பிள்ளை பிழைச்சதும் கொண்டாந்து இறக்கிட்டாரு. வேண்டுதலை வெளியில சொன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு யார்கிட்டயும் மூச்சே விடல, பாவம்."

தங்கவேலுவின் கை மெதுவாகக் கன்னத்துக்குப் போயிற்று. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "இதோட விலை என்ன, அண்ணே?" என்று கேட்டான்.

எந்த வண்டிக்கும் விலை சொல்லிவிடுகிற மனிதர் அவன் தலையில் கையை வைத்தார். "நீதான்டா, தம்பி."

தங்கவேலு தட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து அந்த எண்களை மூடினான். "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்று பூசாரியைக் கெஞ்சினான். திருவிழாவில் மிஞ்சிய பெட்ரோலை ஊற்றினார்கள். கொட்டகையே அதிர, பட்டப்பகலில் கோவில் விளக்குகள் அத்தனையும் எரிந்தன. இவர் கண்ணை மூடிக்கொண்டார். கூரை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு மேல் தங்கவேலு கத்தினான்: "ஒரு வார்த்தை பேசலையேப்பா நான்! ஒரு வார்த்தை பேசலையே!"