பிரேக்குக்கு அடியில் ஒரு செருப்பு

விபத்துகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்த முடியாது. செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன், ஒன்வேயில் எதிரே வருகிறவன், பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு போய் அது நின்றதும் முட்டுகிறவன், பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்து ஸ்கூட்டர்காரரைச் சாய்க்கிறவன் என்று ஆபீஸ் கேன்டீனில் எதிரே இருப்பவரின் இட்லி ஆறும்வரை வகை பிரிப்பேன். குற்றவாளி எப்போதும் வேறொருவன்தான்.

மயிலாப்பூர் கோயில் வாசலில் செருப்பை விட எனக்கு மனசு வராது. இரண்டு ஜோடி பறிகொடுத்தவன். அதனால் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கொதிக்கிற தாரில் தத்தித் தத்தி உள்ளே போவேன். தரிசனம் முடிந்ததும் வெறுங்காலோடு ஓட்டிக்கொண்டு வருவேன். அடையாறில் இருக்கிற வீட்டுக்கு எதற்குச் செருப்பு என்று ஒரு நினைப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி. சாந்தோம் பக்கம் ஒரு மீன்காரம்மா தலையில் அன்னக்கூடையோடு குறுக்கே இறங்கினார். நல்ல தூரம்தான். பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவில்லை, அடியில் மெத்தென்று எதுவோ தடுத்தது. இன்னும் பலமாக மிதித்தேன். கார் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நான் காட்டிய சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். ஹாரனை அழுத்தினேன். வெயிலில் வைப்பரைப் போட்டேன். பிரேக் இல்லை, பிரேக் இல்லை என்று காரிடமே முறையிட்டேன். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பது கேன்டீனில் மட்டும்தான் எனக்கு ஞாபகம் வரும் போலிருக்கிறது. லைசென்ஸே இல்லாத என் மனைவிதான் அதை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். வண்டி முனகி, குலுங்கி, அணைந்து நின்றது. அந்தம்மாவின் புடவைக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அவர் நிதானமாகத் திரும்பினார்.

"இன்னா சார், ஆரன் அடிக்கக் கை கீது, பிரேக் அடிக்கக் காலு இல்லியா?"

நான் கீழே இறங்கி, பிரேக் பிடிக்கவில்லை என்று திக்கினேன். என் வெறுங்காலைப் பார்த்தார். கூடையை பானட்டின் மேல் இறக்கி வைத்துவிட்டு உள்ளே குனிந்தார். பெடலுக்கு அடியிலிருந்து என் செருப்பை உருவி எடுத்து என் முன்னால் போட்டார்.

"இத்த மாட்டிகினு ஓட்டு நைனா. இதுக்கோசரம் நான் சாவணுமா?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டிருந்தால் திருடனாவது பத்திரமாகக் கொண்டுபோயிருப்பான் என்றாள் மனைவி. அந்தம்மாவும் சிரித்துவிட்டார்.

கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து, வருகிற பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் மறித்தேன். எவன் எவனோ என்னைத் திட்டினான். காதில் ஏறவே இல்லை. அவர் சாலையைக் கடந்து எதிர்ச்சந்துக்குள் போய் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் வவ்வாலு, சங்கரா என்று மீன் கூவி விற்கும் அவர் குரல் உள்ளேயிருந்து கிளம்பியது. கணீரென்று, முழுசாக.